நான்கு மடங்கு



"அரசாங்கத்தை எப்படி நம்புவது?" என்னும் பேச்சு நம் வீடுகள்தோறும் கேட்கிறது. அது காரணமின்றி எழுந்ததன்று. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் பொறுப்பிலிருந்தோர் கடமை தவறினர் என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனக் கட்டளையிட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட, கமக்காரரின் விளைச்சல் சரிந்தது. 2022இல் நாட்டை விட்டுப் போவதற்காக இளைஞர்கள் கடவுச்சீட்டு வரிசையில் இரவிரவாக நின்றார்கள்.

சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். எரிக்கோவில் வரி தண்டுவோரின் தலைவன் அவன். ஊரார் அவனை வெறுத்தனர். யேசு தன் வீட்டுக்கு வந்தபோது அவன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று வாக்களித்தான். உண்மையை ஒப்புக்கொண்டு இழப்பை ஈடுசெய்பவர்மீதே மக்களுக்கு மீண்டும் நம்பிக்கை பிறக்கும். ஆள்வோரிடம் இதைக் கேட்பது பகையன்று, நமது கடமை.

ஆனால் கேட்கும் நமது கை சுத்தமா? வரிசையில் முந்திக்கொள்ளக் கைக்கூலி கொடுத்தவர் யார்? தட்டுப்பாட்டு நாட்களில் பொருளைப் பதுக்கி விலையேற்றி விற்றவர் யார்? இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், நாம் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நம்மையே கேட்போம். சக்கேயுவின் வீட்டுக்கு வந்த மீட்பு நம் வீட்டுக்கும் வருவதாக.