ஸ்கேனும் கருவறை இரகசியமும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் நம் தாய்மார்கள் சிலர், கர்ப்பமுற்ற மகளைப் பொன்னேரிக்கு ஸ்கேன் பார்க்க அழைத்துச் செல்லத் தயங்குகிறார்கள். கருவறைகளில் உள்ளதை அறிபவன் அல்லாஹ் என்று லுக்மான் சூரா (31:34) கூறியிருக்க, கருவியால் எட்டிப் பார்ப்பது ஈமானுக்குப் பழுதாகாதா என்பது அவர்களுடைய ஐயம்.

விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் எக்கோ சவுண்டரை அறிவார்கள். அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டுகிறது. ஸ்கேனும் அவ்வகையே, காதுக்குக் கேளாத ஒலி வயிற்றினுள் சென்று திரும்புகிறது. கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டு 1958-இல் இதனை மருத்துவ உலகுக்கு எடுத்துக் காட்டினார். மீன் கூட்டம் தெரிந்துவிட்டதால் ரிஸ்கு தன் கைக்கு வந்துவிட்டது என்று எந்த மீனவரும் சொல்வதில்லை! உருவாகிவிட்ட உடலைத்தான் ஸ்கேன் காட்டும். அக்குழந்தையின் ஆயுளையோ அமலையோ அது காட்டாது.

நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மூடியிருந்தால், பிரசவத்தில் இரத்தம் பெருகித் தாயின் உயிரே போகலாம். முன்பே தெரிந்தால் காப்பாற்ற வழியுண்டு. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் இதை விடலாமா? பெண் மருத்துவரிடம் போவதே நலம். கிடைக்காவிடில் தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதை ஃபுகஹாக்கள் அனுமதித்துள்ளனர்.

நம்முடைய அச்சம் வேறு. ஆணா, பெண்ணா என்று மருத்துவரை நச்சரிப்பவர்களும் நம்மில் உண்டு. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வெளியிடுவது குற்றம். சட்டம் கிடக்கட்டும், உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டென்று தக்வீர் சூராவில் ஓதுகிறோமே! இது ஈமானுக்குப் பழுதாகாதா என்று மட்டும் நம்மிடம் இதுவரை எவரும் வந்து கேட்கவில்லை.