பாட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டால்

செத்துப்போன பாடகருக்கு உயிரோடிருக்கிற நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? கே.ஏ. குணசேகரன் 2016 ஜனவரி 17ஆம் தேதி புதுச்சேரியில் காலமானதிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு கிடக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொரு இசைத்தொகுப்பையும் போனில் தேடிப்பிடித்துக் கேட்கிறபோதெல்லாம் திரும்ப வந்து நிற்கிறது. நினைவேந்தல் கூட்டங்களில் இதற்குச் சுலபமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நல்ல குரல்வளம், மண்வாசனை, நாட்டுப்புறக் கலைக்குப் பேரிழப்பு. சொல்லி, மாலையைப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். மண்வாசனையாம். எந்த மண்ணு? ஊர்ப்பக்கத்து மண்ணா, சேரிப்பக்கத்து மண்ணா? அதக் கேக்கத்தான் ஆளில்ல.

குணசேகரன் 1955இல் பிறந்தவர். இளையான்குடி பக்கத்து மாரந்தை அவர் ஊர். தன்னானே கலைக்குழுவை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடினார். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியர். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார். 2005இல் வந்த 'வடு' தன்வரலாற்றில், போன இடத்திலெல்லாம் சாதி கேட்கப்பட்டதைச் சின்னப் பையனின் பேச்சிலேயே எழுதிவைத்தார். இவ்வளவும் அஞ்சலிச் செய்திகளில் வந்தன. 'தலித்' என்ற சொல் மட்டும் சிலவற்றில் வராமலே போய்விட்டது.

அவர் குரலோடு ஒட்டிப்போன 'மனுசங்கடா' பாட்டை எழுதியவர் இன்குலாப். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அந்தத் தீயிலிருந்து வந்த பாட்டு அது. எழுதியது கவிஞர் என்றாலும் சேரி சேரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது குணசேகரனின் தொண்டை. அதே 2016இல் டிசம்பர் 1 அன்று இன்குலாபும் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆண்டு ஜனவரியை இன்னொன்றுக்காகவும் மறக்கக்கூடாது. குணசேகரன் சாவதற்கு இரண்டு வாரம் முன்பு, அன்றைய நாகை மாவட்டத்துத் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாக எடுத்துப்போக விடவில்லை. எடுத்துப்போகலாம் என்று உயர்நீதிமன்றம் சொல்லியும் நடக்கவில்லை. கடைசியில் போலீசே உடலைத் தூக்கிப்போய் வேறு வழியில் அடக்கம் செய்தது. ஊரார் வீட்டுப் பிணத்துக்கெல்லாம் பறை கொட்டி வழியனுப்பிய சனம். அதன் பிணத்துக்கு வழியில்லை. அம்ஷன் குமார் இப்படியொரு வழிமறிப்பை வைத்து 2017இல் எடுத்த படத்துக்கு வைத்த பெயரும் 'மனுசங்கடா'தான்.

எங்க பக்கம், நாஞ்சில் நாட்டுல, கதை கொஞ்சம் வேற. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் ஒரு சாம்பவர். அவர் தேடிப்போய் அழைத்துத்தான் 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் இந்தப் பக்கம் வந்தார். அதற்குப்பின் தலைமுறை தலைமுறையாக வேதத்தில் சேர்ந்தவர்களில் பலர் கொட்டைக் கீழே வைத்துவிட்டு ஆர்மோனியத்தைத் தொட்டார்கள். என் பாட்டா சபையில் கீர்த்தனை பாடினவர். சித்தப்பா குணசேகரன் கேசட்டை டேப்பில் போட்டால் அவருக்கு முகம் சுண்டிவிடும்.

"இந்தக் கொட்டுச் சத்தம் வேண்டாம்னுதாம்லே நாங்க வேதத்துக்கு வந்தோம். நீ அதக் காசு குடுத்து வாங்கீட்டு வாறியா?"

"அப்பா, அன்னைக்கு அவன் கூப்பிட்டு அடிக்கச் சொன்னான். இவரு தன் இஷ்டத்துக்குல்லா அடிக்காரு."

"கேக்கவனுக்கு அந்த வித்தியாசம் எப்பிடிலே தெரியும்?"

சித்தப்பாவிடம் பதில் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் நாட்டார் வழக்காறு, நிகழ்த்துகலை என்று எத்தனையோ பாடம் கேட்டேன். பாட்டா கேட்ட அளவுக்குக் கூர்மையான கேள்வியை வகுப்பறையில் யாரும் கேட்கவில்லை. கட்டாயத்தின் பேரில் அடித்ததா, விரும்பி அடித்ததா என்பது தோலின் ஒலியில் இல்லை. கேட்கிறவனுக்கு இரண்டும் ஒரே தாளம்தான். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் இனிப் பறையடிக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார். குணசேகரனும் அவரைப் போன்றவர்களும் அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திப் பட்டிமன்றம் நடத்துகிற தோழர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. மாட்டேன் என்று சொல்லத் துணிந்தவர்கள் இருந்ததால்தான் பிறகு வந்தவர் 'என் இஷ்டம்' என்று எடுத்து அடிக்க முடிந்தது. ஆனால் அந்த வித்தியாசத்தைக் கேட்பவனுக்கு எது சொல்லும்? பாட்டு சொல்லவேண்டும். யாருடைய பாட்டு, யாரைப் பார்த்துப் பாடியது என்கிற பெயர் அதில் இருக்கவேண்டும். அதை எடுத்துவிட்டால் பாட்டா சொன்னதுதான் சரி, வெறும் கொட்டுச் சத்தம்.

பெயரை எப்படி எடுப்பார்கள் என்பதற்கு எங்கள் வில்லுப்பாட்டிலேயே சாட்சி இருக்கிறது. நெல்லை, குமரிப் பக்கத்துக் கொடைகளில் பாடுகிற முத்துப்பட்டன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிராமணனான முத்துப்பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்தெறிந்து செருப்புத் தைக்கிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பிள்ளைகள் இரண்டு பேரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். பின்னால் வந்த பாடத்திலோ அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு சங்கதியைச் செருகிவிட்டார்கள். நா. வானமாமலை இந்த மாற்றத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார். சாதி மீறிய காதல் ஒரே வரியில் சாதிக்குள் நடந்த கல்யாணமாகிவிட்டது. செத்தவர்களால் எழுந்து வந்து மறுத்துச் சொல்ல முடியாதல்லவா? காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றைக்கும் தோல்செருப்பைத்தான் காணிக்கை போடுகிறார்கள். பாட்டை மாற்றியவர்களுக்குச் செருப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை போல.

செத்தவருக்குத்தான் இந்தக் கதி என்றில்லை. 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாயி எஞ்சாமி'யை அறிவும் தீயும் பாடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் திரும்பிய பாட்டியின் வாழ்க்கையை வைத்து எழுதியவர் அறிவு. உலகமே ஆடியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் இன்னொரு பாடகரும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகுதான் அவருக்கும் ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. பாட்டு வேண்டும், பாடினவன் வாசலில் நிற்கட்டும். சாவு வீட்டில் கொட்டடித்தவர்களுக்கு இது பழகின மரியாதைதான்.

2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது, கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக வந்ததைவிட அந்தப் பெயர்தான் என்னைப் பிடித்தது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். 2024இல் அறிவு கொண்டுவந்த தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர். இனி எந்த அட்டையிலிருந்து யாரை எடுத்தாலும், தொகுப்பைக் கேட்டு வாங்குகிறவன் அந்தப் பாட்டியின் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இசையில் எல்லாம் ஒன்றுபோல இல்லை, சில பாட்டுகளில் சினிமா வாடை தூக்கலாக அடிக்கிறது. அது கிடக்கட்டும். குணசேகரன் விட்டுப்போன வேலையை இந்தப் பிள்ளைகள் சரியான முனையில் பிடித்திருக்கிறார்கள்.

நாகர்கோவிலில் சில தம்பிகள் குணசேகரன் பாடியவற்றைப் புதுத் தாளத்தில் பதிவுசெய்யக் கிளம்பியிருக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டுப் பேசினார்கள். செய்யுங்கள் என்றேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர் பெயர் வரணும், 'மனுசங்கடா'வுக்கு வெண்மணி என்ற ஊர்ப்பெயரும் வரணும். பறையடிக்கிறவர் பெயர் கடைசியில் பொடி எழுத்தில் போகப்படாது, அவருக்குச் சம்பளம் பாடகருக்குக் கொடுக்கிறது போலக் கொடுக்கணும். இதெல்லாம் ஒத்துக்கொண்டார்கள். இன்னொன்றும் கேட்டேன். கொட்ட மாட்டேன் என்று கொட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்களைப் பற்றி ஒரு பாட்டாவது அந்தத் தொகுப்பில் இருக்கணும் என்று. அதற்குக் கொட்டு வைக்கிறதா, ஆர்மோனியம் வைக்கிறதா என்று அவர்களுக்குள் சண்டை. எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.