மேகம் யாருடையது?

அடைக்கலமாக வைத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி மிகப் பழையது. ஊருக்குப் போகிறவன் அண்டை வீட்டாரிடம் நகைப் பெட்டியைக் கொடுத்துச் சென்றால், பெட்டி கைமாறியதேயன்றி உரிமை கைமாறவில்லை என்பதை எவரும் ஒப்புவர். இன்று நாம் பிறர் கையில் ஒப்படைப்பதோ பொன்னன்று. நம் பெயர், கூலிக் கணக்கு, நோய்க் குறிப்பு, கடிதம் ஆகியவையே. இவை சென்று தங்குமிடத்திற்கு ‘மேகம்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். மயக்கம் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது.

மேகம் வானத்தில் இல்லை. சைபர்ஜெயாவிலும் சிலாங்கூரின் பிற இடங்களிலும் அது கட்டடமாக நிற்கிறது. 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் 220 கோடி டாலரும், கூகல் 200 கோடி டாலரும் இந்நாட்டில் முதலிடுவதாக அறிவித்தன. கூகலின் தரவு மையத்திற்குக் குறிக்கப்பட்ட எல்மினா, முன்னர் தோட்ட நிலம். அதே ஆண்டு ஆகஸ்டில் அமேசானும் தன் மலேசியச் சேவையைத் தொடங்கியது. இவ்வகைக் கட்டடங்களிலுள்ள யந்திரங்கள் இரவும் பகலும் மின்சாரத்தை உண்கின்றன. அவற்றின் சூட்டைத் தணிக்கப் பல இடங்களில் தண்ணீரும் செலவாகிறது. கடவுளை வானுலகில் வைத்துவிட்டுக் கோயில் சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டவர்களை நாம் அறிவோம். கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் எதற்கும் தரகர் ஒருவர் இருந்தே தீருவார்.

அப்படியானால் பழைய பேரேடே மேலானதோ என்று சிலர் கேட்கலாம். அன்று. கரையானுக்கும் வெள்ளத்திற்கும் இரையான ஏடுகள் எத்தனையோ. அதற்காக, மேகத்தில் வைத்தது அழியாது என்பதும் உண்மையன்று. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையம் தீப்பற்றியபோது, ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் மறுபிரதியின்றி அழிந்தன. ஆகவே கேள்வி ஏட்டுக்கும் யந்திரத்துக்கும் இடையிலானதன்று. வைத்திருப்பவன் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே கேள்வி.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. பெரட்டில் பெயர் பதிவதும் செக்ரோல் எழுதுவதும் என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கணக்கெல்லாம் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தலைமை அலுவலகத்தின் வழியாக மேகத்திற்குச் சென்றன. பின்னர் ஒப்பந்தக்காரர் மாறினார். பழைய கணக்குகள் புதியவரிடம் வந்து சேரவில்லை. ஓய்வு பெறவிருந்த ஓர் அம்மையார், தாம் வேலை செய்த ஆண்டுகளுக்குச் சான்று கேட்டு வந்தார். “அது மேகத்தில் இருக்கிறது, அம்மா” என்றேன். “மேகத்தில் இருந்தால் ஒரு நாளாவது எனக்குப் பெய்ய வேண்டாமா, ஐயா?” என்று அவர் கேட்டார்.

தலைமை அலுவலகத்தின்மீது எனக்குக் கோபம் மூண்டது. ஆனால் நினைத்துப் பார்த்தால், செக்ரோல் என் மேசையில் இருந்த காலத்திலும் அந்த அம்மையார் அதைப் பார்த்தவரல்லர். பார்க்கக் கேட்ட தொழிலாளியை அதிகப்பிரசங்கி என்று நானே விரட்டியதுண்டு. தூரத்துக் காவலனிடம் நான் கண்ட குற்றம், பக்கத்துக் காவலனாகிய என்னிடமே பல்லாண்டு குடியிருந்தது. யந்திரம் இந்த அநீதியைப் படைக்கவில்லை. தொலைவுக்குக் கொண்டுபோய் வைத்தது, அவ்வளவே.

சட்டம் காக்காதா? மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகர் வைத்திருக்கும் தன் விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் மனிதனுக்கு உரிமை தருகிறது. ஆனால் மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டமோ, அந்நாட்டு நிறுவனங்கள் தம் வசமுள்ள தரவு எந்த நாட்டில் இருப்பினும், முறையான ஆணை வந்தால் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. கட்டடம் நம் மண்ணில் நிற்பதால் மட்டும் சாவி நம்முடையதாகிவிடாது.

ஒப்படைத்தவன் கேட்டபோது பார்க்கவும், விரும்பியபோது திரும்பப் பெறவும் இயலுமானால் அது அடைக்கலம். இயலாதாயின், எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் அது அபகரிப்பே. இதைப் பெரிய நிறுவனங்களிடம் கேட்கும் தகுதி, தன் மேசையில் இதைச் செய்தவனுக்கே உண்டு. அதனால் இப்பொழுதெல்லாம் மாதந்தோறும் ஒவ்வொரு தொழிலாளியின் கணக்கையும் காகிதத்தில் எடுத்து அவரவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அந்த அம்மையாருக்கு அது பிந்திப்போயிற்று, மற்றவர்களுக்காவது பிந்தாதிருக்கட்டும்.