கழுவிய புகை

அழகு ஒரு தார்மீகக் கேள்விக்குப் பதிலாக முடியுமா? அரூபமாகக் கேட்டால் ஆளுக்கொரு சித்தாந்தத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஒரு குறிப்பிட்ட கட்டிடத்தின் முன்னால் நின்று கேட்கும்போது அவ்வளவு சுலபமாகத் தப்ப முடிவதில்லை. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள பாட்டர்ஸீ மின் நிலையம் எனக்கு அப்படி ஒரு கட்டிடமாக இருந்தது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்த இடம். அதன் முதல் பாதி 1975இலும் மறுபாதி 1983இலும் ஓய்ந்தன. பல வருஷங்கள் கூரையில்லாமல் கிடந்துவிட்டு 2022 அக்டோபரில் கடைவீதியாகத் திறக்கப்பட்டது. இன்று யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சுற்றலாம்.

இதன் அழகு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1920களின் கடைசியில் திட்டம் வெளியானபோது எதிர்ப்புக் கிளம்பியது. நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய அவலட்சணமா என்று கேட்டார்கள். புகை பூங்காக்களையும் கட்டிடங்களையும் கெடுக்கும், அக்கரையில் டேட் காலரியில் தொங்கும் ஓவியங்களைக்கூடக் கெடுக்கும் என்றார்கள். கம்பெனி இரண்டு காரியங்கள் செய்தது. புகையைக் கழுவுவதற்கு ஏற்பாடு செய்தது. வெளித்தோற்றத்தைக் கவனிக்க கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டை அமர்த்தியது. லிவர்பூல் பேராலயத்தை வரைந்தவர் அவர். லண்டனின் சிவப்பு டெலிபோன் கூண்டும் அவருடையதுதான். கொதிகலன்களை மூட வேண்டிய செங்கல் சுவருக்கு அவர் கோயில் மதிலின் கம்பீரத்தைக் கொடுத்தார்.

ஆக, இங்கே அழகு ஒரு புகாருக்குப் பதில் சொல்வதற்காகக் கூலி பேசி அழைத்துவரப்பட்டது. அவலட்சணம் என்ற புகாருக்கு அது நேர்மையான பதில்தான். புகையைப் பற்றிய புகாருக்கு அது பதிலே இல்லை. ஆனால் இரண்டு புகார்களும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை. ஒன்றுக்குப் பதில் கிடைத்ததும் மற்றதும் தீர்ந்த மாதிரி ஒரு தோற்றம் ஏற்படுகிறது.

புகைக்குச் சொன்ன பதிலையும் பார்ப்போம். தேம்ஸ் தண்ணீரைத் தெளித்துப் புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவினார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. கழுவிய தண்ணீர் ஆற்றுக்கே திரும்பிப் போயிற்று. நனைந்து குளிர்ந்த புகையோ மேலே ஏறத் தெம்பில்லாமல் பக்கத்திலேயே இறங்கியது. பாவத்தைத் தொலைக்க ஆற்றில் முழுகுகிற நமக்கு இது புரியாத விஷயமல்ல. ஆறு அதை எங்கே கொண்டுபோய்த் தொலைக்கும் என்று நாம் கேட்பதில்லை.

உள்ளே நடந்தபோது எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1930களின் டர்பைன் கூடத்தில் சலவைக்கல். யுத்தத்துக்குப் பிறகு முடித்த இரண்டாம் கூடத்தில் காசுத் தட்டுப்பாட்டின் எவர்சில்வர். அந்த இரண்டாம் பாதியின் கட்டுப்பாட்டு அறை இப்போது மதுக்கூடம். மீட்டர்களும் கைப்பிடிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எதிரே கோப்பைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு புகைபோக்கிக்குள் லிஃப்ட் வைத்து ஆட்களை 109 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். அந்த நான்கு புகைபோக்கிகளும் பழையவை அல்ல. துருவேறிப்போனவற்றை இடித்துவிட்டு 2014க்கும் 2017க்கும் இடையில் அதே அளவில், அதே நிறத்தில் மறுபடி கட்டினார்கள். நிலக்கரிப் புகை தொடாத காங்கிரீட். அவை நகரத்தின் ஞாபகச் சின்னம் என்கிறார்கள். எதன் ஞாபகம்?

கட்டிடத்துக்கு என்ன தர்மம், அதர்மம்; புகை போய்விட்டது, நல்ல வடிவம் மிஞ்சியிருக்கிறது, அனுபவிப்பதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950லிருந்து இந்த நிலையத்தின் கழிவு வெப்பத்தை ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டு எடுத்துச்சென்று எதிர்க்கரையின் பொதுக் குடியிருப்புகளைச் சூடாக்கினார்கள். தீமை மட்டும் செய்த இடம் என்று அதை எழுதித் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சூட்டுக்கும் உருவமில்லை. முதல் பாதியைக் கட்டும்போது செத்த ஆறு பேருக்கும், வேல்ஸிலும் வடகிழக்கிலும் சுரங்கத்தில் இறங்கி வருஷத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் கரி அனுப்பியவர்களுக்கும், அதைச் சுவாசித்தவர்களுக்கும் உருவமில்லை. வடிவமுள்ளது மட்டும் மிஞ்சுகிறது. வடிவத்தை ஞாபகம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

எல்லா மின் நிலையத்துக்கும் ஒரு ஸ்காட் கிடைப்பதில்லை. டிட்காட்டில் இருந்த நிலக்கரி நிலையம் 2013இல் நின்றது. அதன் ஆறு குளிர்விப்புக் கோபுரங்களை 2014இலும் 2019இலும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடையில், 2016இல், கலைக்கும் வேலையின்போது கொதிகலன் கூடம் சரிந்து நான்கு தொழிலாளர்கள் செத்தார்கள். பாட்டர்ஸீயையோ 1980இலேயே, அதன் ஒரு பாதி இன்னும் எரிந்துகொண்டிருந்தபோதே, பாதுகாக்க வேண்டிய கட்டிடமாக அரசு பட்டியலில் சேர்த்துவிட்டது. 2024 செப்டம்பர் 30இல் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையமும் மூடப்பட்டது. இனி அந்தக் காலத்தில் எது நினைவில் நிற்கும், எது நிற்காது என்பதைப் பெரும்பாலும் கண்ணுக்கு எது லட்சணமாக இருந்தது என்பதே தீர்மானிக்கும்.

இதில் நமக்கு, எழுதுகிறவர்களுக்கு, ஒரு சங்கடம் இருப்பதாக எனக்குப் படுகிறது. பசியையோ சாவையோ எடுத்துக்கொண்டு, பிசிறு நீக்கி, கழுவி, நாலு பக்கமும் சமனாக நிற்கிற ஒன்றைச் செய்கிறோம். அது நன்றாக வந்துவிட்டால் விஷயத்துக்கே ஏதோ செய்துவிட்ட நிம்மதி வருகிறது. வாசிக்கிறவனுக்கும் அந்த நிம்மதி தொற்றிக்கொள்கிறது. உருவத்தைக் குறைசொல்லி இதிலிருந்து தப்பலாம் என்று நான் நினைக்கவில்லை. அவலட்சணமாகக் கட்டியிருந்தாலும் அதே புகைதான் வந்திருக்கும். உருவம் வேண்டும். ஆனால் யாருடைய, எந்தப் புகாருக்காக அது கட்டப்பட்டது என்பது அதோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டும். அழகு பதிலாவதில்லை. கேள்வி மறக்கப்படாமல் இருக்கும்வரை அது ஏமாற்றும் ஆவதில்லை. பாட்டர்ஸீயில் கேள்வியைக் கேட்டவர்கள் போய்விட்டார்கள். பதில் மட்டும், புதிய காங்கிரீட்டில், வெள்ளையாக நிற்கிறது.