பொதுவிடச் சிற்பமும் மக்களின் இசைவும்

நூலொன்று பிடிக்காவிடின் வாசகன் அதனை மூடிவைக்கலாம். நாடகம் சலிப்பூட்டின் அரங்கைவிட்டு எழுந்து செல்லலாம். பொதுவிடத்தில் நாட்டப்பட்ட சிற்பத்தின் முன் இத்தகைய விடுதலை எவர்க்கும் இல்லை. பணிக்குச் செல்பவன் நாள்தோறும் அதனைக் கடந்தே ஆகவேண்டும். எனவே, பிற கலைஞர்க்கு இல்லாத ஓர் அதிகாரம் பொதுவிடச் சிற்பிக்குக் கிட்டுகின்றது. அதற்கு மக்களின் இசைவு வேண்டுமா? வேண்டுமெனின் அதனை எவரிடம் பெறுவது? அமெரிக்கச் சிற்பி றிச்சர்ட் செராவின் 'சாய்ந்த வில்' இவ்வினாக்களை மிகக் கூர்மையாக எழுப்பியது.

செரா இளமையில் உருக்காலைகளில் உழைத்துக் கல்விக்குப் பொருளீட்டியவர். உருக்கு அவருக்கு உருவங்களை வார்த்தெடுக்கும் ஊடகமாக அமையவில்லை. பாரத்தையும் சமநிலையையும் சாய்வையும் உடலால் உணரச் செய்யும் பொருளாகவே அமைந்தது. வீரனைப் பீடத்தில் ஏற்றி மக்களை அண்ணாந்து பார்க்கவைக்கும் மரபை அவர் விலக்கினார். நடப்பவனின் அசைவுக்கேற்ப மாறித் தோன்றும் வெளியே அவர் கருத்திற் சிற்பமாகும். கட்டடங்களுக்கு அணிகலன் செய்து கொடுப்பது சிற்பியின் வேலையன்று என்பதில் அவர் உறுதியாயிருந்தார். இவ்வுறுதி போற்றத்தக்கதே.

1979இல் அமெரிக்க அரசின் பொதுச் சேவை நிர்வாகம் நியூயோர்க்கின் பெடரல் சதுக்கத்துக்கென ஒரு சிற்பத்தை அவரிடம் வேண்டிற்று. 1981இல் 120 அடி நீளமும் 12 அடி உயரமும் இரண்டரை அங்குலத் தடிப்பும் கொண்ட வளைந்த உருக்குத் தகடு அங்கு நிறுவப்பட்டது. அது துருவே காப்புப் படலமாக மாறும் உருக்கு வகை. சதுக்கத்தை ஊடறுத்து நின்ற அச்சுவரைச் சுற்றியே மக்கள் செல்ல நேர்ந்தது. ஏறத்தாழ 1,300 ஊழியர் அதனை அகற்றுமாறு கையொப்பமிட்டனர்.

1985இல் நடைபெற்ற பகிரங்க விசாரணையில் 180 பேர் பேசினர். 122 பேர் சிற்பத்தை ஆதரித்தனர், 58 பேர் எதிர்த்தனர். ஆயினும் ஐவர் குழுவில் நால்வர் அகற்றலையே பரிந்துரைத்தனர். தலைகளை எண்ணி முடிவு காண இயலாமை இங்கு தெளிவாகின்றது. மண்டபத்துக்கு வந்தோரை எண்ணின் ஒரு முடிவு. கையொப்பமிட்டோரை எண்ணின் மற்றொன்று. கலையறிந்தோர் பலர் தூரத்திலிருந்து வந்து பேசினர். ஆனால் மறுநாட் காலை அச்சதுக்கத்தைக் கடக்கவேண்டியவர்கள் அவர்களல்லர். நாள்தோறும் நடப்பவனின் சொல்லுக்குக் கூடிய நிறை உண்டென்பதை மறுத்தல் அரிது.

அவ்விடத்துக்கென்றே ஆக்கப்பட்ட சிற்பத்தை வேறிடத்துக்கு மாற்றுதல் அதனை அழித்தலேயாகும் என்று செரா வாதிட்டார். அவ்வாதம் சரியானதே. ஆனால் அதுவே அவர்மீது கூடிய பொறுப்பையும் சுமத்துகின்றது. இடத்தினின்று பிரிக்கவியலாத சிற்பம் அவ்விடத்து மக்களினின்றும் பிரிக்கவியலாதது. அவர்கள் எவ்வழியாக நடக்கின்றனர் என்பதைச் சிற்பி ஆராய்ந்தார். அவர்களது நடையைத் தம் கலையின் மூலப்பொருளாக்கினார். உருக்கைப்போல மனிதரைப் பயன்கொள்ளுதல் முறையா? உருக்குக்கு விருப்பு வெறுப்பு இல்லை. சதுக்கத்தில் வெயில்காய்ந்து உண்ண விரும்பும் எழுதுவினைஞனுக்கு அவை உண்டு. அவனது விருப்பம் சிறியதென்பதால் அது கலைக்குக் கீழ்ப்பட்டதாகிவிடாது.

இதனால் அரசு செய்தது சரியென்றாகாது. வேண்டிப் பெற்றதும் அரசே, தகர்த்ததும் அரசே. மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் 1969இல் அலெக்சாண்டர் கால்டர் அமைத்த செந்நிற உருக்குச் சிற்பமும் தொடக்கத்திற் பலரின் எதிர்ப்பைப் பெற்றதேயாம். காலப்போக்கில் அது அந்நகரின் சின்னமாகவே மாறிற்று. கால்டரின் வளைவுகளினூடே மக்கள் தடையின்றி நடக்கலாம் என்பது உண்மையே. எனினும், இசைவு முன்கூட்டிப் பெறும் அனுமதியாக மட்டுமன்றி, பழகப் பழக உருவாகும் உறவாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. அத்தகைய உறவு தோன்றுவதற்கு எட்டாண்டுகள் போதுமா என்பதை எவரும் ஆற அமர ஆராயவில்லை.

நீதிமன்றங்களிற் செராவின் வழக்குத் தோற்றது. 1989 மார்ச் 15ஆம் நாள் இரவு தொழிலாளர் அச்சிற்பத்தை மூன்று துண்டுகளாக வெட்டி அகற்றினர். துண்டுகள் அரசின் களஞ்சியத்துக்குச் சென்றன. சதுக்கத்தின் குறுக்குவழி மீண்டும் திறந்தது.