வகுத்துப் பார்!

கீரமங்கலம் பூச்சந்தையில், கிலோ என்ன விலை என்று சொன்னால் போதும். முக்கால் கிலோ முல்லைக்கு எவ்வளவு என்று பேனா எடுக்காமல் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே பிள்ளை வகுப்பறையில் போய் ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தலைகுனிந்தால் நெஞ்சு கொதிக்கிறது. யார் சொல்லிவைத்த பொய் இது?

தங்கச்சி, தம்பி, இந்த எண்ணை நிமிர்ந்து பாருங்கள்: 67,46,32,83,88,800. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேலே. மலைக்க வேண்டாம், உடையுங்கள். ஆறு 2, நாலு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23. இவற்றைப் பெருக்கினால் தீர்ந்தது. ஆறாம் வகுப்பில் காரணிச் செடி வரைந்தவருக்கு இது போதும்.

இதன் பெருமை நீளத்தில் இல்லை. அறுபது தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், மூன்று பேர், நான்கு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு பேர் என்று யார் வந்தாலும் மீதியில்லாமல் பங்கு போடலாம். 60-க்குக் காரணிகள் 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. மேலே சொன்ன பேரெண்ணுக்கோ 10,080! அதற்குக் கீழே உள்ள லட்சக்கணக்கான கோடி எண்களில் ஒன்றுகூட இதை எட்டவில்லை.

இப்படிப்பட்ட எண்களைத் தேடிப் பிடித்து வரிசைப்படுத்தியவர் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். அக்காலக் கல்லூரித் தேர்வான எஃப்.ஏ.வில் தேறாதவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. அவரைத் தோற்கடித்தவை கணக்கல்லாத பாடங்கள். ஆனால் ஊர் அவரைத் ‘தேறாதவர்’ என்றே எழுதிவைத்தது. 1915-இல், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இந்த எண்களைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. போர்க்காலம், கழகத்திடம் பணமில்லை. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது வெளிவர 1997 ஆயிற்று. அச்சேறிய பகுதியே 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டத்தை வாங்கித் தந்தது!

அந்தக் கட்டுரையின் பட்டியலில் கடைசி எண்தான் நீங்கள் பார்த்த 67,46,32,83,88,800. கணினி கிடையாது; எல்லாம் கைக்கணக்கு. அதில் நடுவே ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. இராமானுஜன் கையிலிருந்தே ஒன்று நழுவியது! அதற்காக யாராவது அவருக்குக் கணக்கு வராது என்றார்களா? ஒரு விடை தப்பியதற்கு நீங்கள் மட்டும் ஏன் புத்தகத்தை மூடுகிறீர்கள்?

2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த மண் இது. விழுந்த தோப்பில் மறுபடி கன்று ஊன்றியவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நீங்கள். ஒரு நீள் வகுத்தலுக்கா பயப்படுவது? இன்றே ஒரு தாளை எடுங்கள். அந்தக் கடைசி எண்ணை 23-ஆல் வகுங்கள். மீதி வராது. வரும் ஈவை, அவர் தவறவிட்ட எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.