உதவியின் எல்லை

உதவுதல் அறம் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒருவர் ஆற்ற வேண்டிய கடமையை அவருக்காகப் பிறர் ஆற்றிவிடுவது உதவியாகுமா? போரால் நிலைகுலைந்த நாடுகளின் அமைச்சகங்களுக்குச் சென்ற அயல்நாட்டு ஆலோசகர்களின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்தபோது அமைச்சகக் கட்டடங்கள் பல சூறையாடப்பட்டன. மறுமாதம், கூட்டணி இடைக்கால நிர்வாகத்தின் முதல் ஆணை பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை அரசுப் பணியினின்று நீக்கிற்று. இரண்டாம் ஆணை இராணுவத்தையும் பாதுகாப்பு அமைச்சகத்தையும் கலைத்தது. கோப்பறிந்தோர் பலர் வெளியேற, அந்நாட்டு மொழியறியாதோர் பலர் ஆலோசகராக உள்ளே வந்தனர்.

ஆப்கானிஸ்தானத்தில் வேறொரு முறை கையாளப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சிவில் அலுவலர்கள் பயிற்சி பெற்று, 2010 முதல் காபூலின் பாதுகாப்பு, உள்துறை அமைச்சகங்களுக்குச் சென்றனர். செய்து கொடுப்பதன்று, செய்யும் ஆற்றலை வளர்ப்பதே அவர்தம் பணி. நோக்கம் நன்றே. ஆயினும், குறித்த நாளுக்குள் திட்டம் வேண்டும் என்று மேலிடம் வற்புறுத்துகையில், மெல்லக் கற்பவரின் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொள்ளும் ஆசை எவருக்கும் எழும்.

அவ்வாசையின் விலை பெரிது. விமானங்களைப் பராமரித்து வந்த அயல்நாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் 2021இல் வெளியேறியபோது, ஆப்கன் விமானப்படையின் விமானங்கள் பல முடங்கின. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் காபூல் தாலிபான் வசமாயிற்று. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல; பிறர் கையால் நடந்த பணி அவர்களோடே போய்விட்டதும் அவற்றுள் ஒன்று.

அப்படியாயின், படைவீரனின் சம்பளம் நின்று அவன் பிள்ளைகள் பசித்திருக்க, "எழுத்தர் கற்றுக்கொள்ளட்டும்" என்று ஆலோசகர் கைகட்டி நிற்பது முறையா? முறையன்று. இடுக்கண் நேர்ந்தவிடத்து உடனே செய்து கொடுத்தலே அறம். ஆனால் மறுமாதச் சம்பளப் பட்டியலையும் அவரே எழுதுவாராயின், அது உதவியன்று, உரிமையைப் பறித்தலே.

ஆலோசகர் ஓரிரு ஆண்டில் ஊர் திரும்புவார். விளைவைச் சுமப்பவர் அங்கேயே வாழும் அலுவலரும் அவர்தம் மக்களுமே. சுமப்பவர் எவரோ, முடிவும் அவருடையதாதல் வேண்டும். கோப்புகளோடு பழகிய நமக்கு இது புதிதன்று. பிறர் எழுதிய குறிப்பின்கீழ் ஒப்பமிட்டவர், வினா எழுங்கால் விடையின்றி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அவர் தாமே எழுதியது குறையுள்ளதாயினும், அதனைத் திருத்தும் வழியை அவர் அறிவார்.